'ஆட்டோமேட்டிக்' கப்ளிங் வந்தாச்சு... ஆனாலும் பாயின்ட்ஸ்மேன் ஏன் நடுவில் நிற்கணும்?

2024 நவம்பர் 9. பீகாரின் பரௌனி ஜங்ஷனில், லக்னோவிலிருந்து வந்து நின்ற எக்ஸ்பிரஸின் இன்ஜினைக் கழற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இறங்கியிருந்த ஊழியர், இன்ஜின் பின்னோக்கி நகர்ந்ததில் பஃபர்களுக்கு இடையே சிக்கி அங்கேயே இறந்துபோனார். அந்தப் படம் நாடு முழுக்க சமூக வலைதளங்களில் பரவியது. அதற்குப் பிறகு நடந்தது வழக்கமான விவாதம்தான். சிக்னல் காட்டியது யார்? தப்பு லோகோ பைலட் மேலா, கூட வேலை பார்த்த பாயின்ட்ஸ்மேன் மேலா?

அதற்கு விசாரணை தேவைதான், மறுக்க முடியாது. ஆனால் அந்த விவாதத்தில் காணாமல் போன கேள்வி ஒன்று உண்டு. இன்ஜினைக் கழற்ற ஒரு மனுஷன் அந்த இடுக்கில் போய் நிற்க வேண்டிய அவசியமே ஏன் இருக்கிறது?

கப்ளிங்னா என்ன?

ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் இணைப்புதான் கப்ளிங். பெரம்பூர் ஐசிஎஃப் பல பத்தாண்டுகளாகத் தயாரித்த பழைய நீல நிறப் பெட்டிகளில் இருப்பது ஸ்க்ரூ கப்ளிங். பஃபருக்கு அடியில் குனிந்து உள்ளே போய், கனமான இரும்பு வளையத்தைத் தூக்கி எதிர்ப் பெட்டியின் கொக்கியில் மாட்டி, நடுவிலுள்ள திருகைக் கையால் முறுக்கி இறுக்க வேண்டும். மழையோ, நள்ளிரவோ, இதே வேலைதான். இருபக்கமும் இரண்டு பஃபர்கள், நடுவில் ஓர் ஆள். இன்ஜின் சில அடி நகர்ந்தாலே போதும்.

இதற்கு மாற்றாக வந்தது சென்டர் பஃபர் கப்ளர். ரயில்வே பாஷையில் சிபிசி. இரண்டு கைகளின் விரல்களையும் மடக்கி ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பாருங்கள், இதன் தத்துவம் அவ்வளவுதான். இரண்டு பெட்டிகள் மெல்ல மோதினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். கழற்றுவதற்குப் பக்கவாட்டில் கைப்பிடி இருக்கும். சரக்கு வேகன்களில் இது பல பத்தாண்டுகளாகப் பழக்கத்தில் உள்ளது. பயணிகள் ரயிலில் எல்எச்பி பெட்டிகளோடு வந்தது. விபத்தில் ஒரு பெட்டி மேல் இன்னொன்று ஏறாமல் தடுப்பதில் இந்த கப்ளருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆரம்பத்தில் எல்எச்பி ரயிலில் தூங்கியவர்களுக்கு, கிளம்பும்போதும் நிற்கும்போதும் தூக்கிப்போட்ட அந்த ஜெர்க் ஞாபகம் இருக்கும். அதுவும் இதே கப்ளரின் உபயம்தான். பின்னால் டிராஃப்ட் கியரை மாற்றிக் குறைத்தார்கள்.

இங்கேதான் 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல் ஏமாற்றுகிறது. தானாகப் பூட்டிக்கொள்வது இரும்பு மட்டுமே. ஏர் பிரேக்குக்கான ஹோஸ் பைப்களைக் கையால்தான் இணைக்க வேண்டும், கையால்தான் பிரிக்க வேண்டும். இன்ஜினிலிருந்தே ஏசிக்கும் விளக்குக்கும் கரன்ட் வாங்கும் ரயில்களில் 750 வோல்ட் கேபிள் வேறு. ஆக, கப்ளர் புதுசானாலும் நடுவில் ஓர் ஆள் இறங்கத்தான் வேண்டும். அதோடு நம் இன்ஜின்கள் பழைய பெட்டியையும் இழுக்கணும், புதுப் பெட்டியையும் இழுக்கணும் என்பதால் பலவற்றில் நடுவில் சிபிசியும் பக்கவாட்டில் பஃபர்களும் சேர்ந்தே இருக்கின்றன.

130 வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்ட நிபந்தனை

அமெரிக்காவில் ஈலை ஜேனி இந்த 'விரல் கோக்கும்' கப்ளருக்குக் காப்புரிமை வாங்கியது 1873-ல். அதற்கு முன் அங்கே இருந்தது, வளையத்தையும் ஆணியையும் கையால் பொருத்தும் முறை. விரல் போன பிரேக்மேன் என்றால் அனுபவசாலி என்று அர்த்தம். நல்ல கப்ளர் வந்துவிட்டது, ஆனால் ரயில் கம்பெனிகள் அவசரப்படவில்லை. செலவு ஒரு காரணம், ஆள் மலிவாகக் கிடைத்தது இன்னொரு காரணம். ரயில்வே தொழிலாளியின் ஆபத்து போர்க்காலச் சிப்பாயின் ஆபத்துக்கு இணையாக இருப்பது நாகரிகத்துக்கே இழுக்கு என்று அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் 1889-ல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய உரையில் சொன்னார். 1893-ல் அவரே பாதுகாப்புச் சாதனச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம் கப்ளரின் பிராண்டைச் சொல்லவில்லை. மோதினால் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், ஆள்கள் பெட்டிகளின் நடுவே போகாமலேயே கழற்ற முடிய வேண்டும் என்று மட்டும் சொன்னது. தொழில்நுட்பத்தை எந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியும் ஓட்டை இருந்தது. 1900-ல் யூட்டாவில் ஜான்சன் என்ற பிரேக்மேன், ஓர் இன்ஜினை டைனிங் காருடன் இணைக்கப் போனார். இரண்டிலும் ஆட்டோமேட்டிக் கப்ளர்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு ரகம், ஒன்றோடொன்று தானாகப் பூட்டாது. கையால் இணைக்கப் போய்க் கையையே இழந்தார். 'எங்கள் வண்டி இரண்டிலும் ஆட்டோமேட்டிக் கப்ளர் இருக்கிறதே' என்று வாதாடியது ரயில் கம்பெனி. கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன. 1904-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. தனித்தனியாக இருப்பது போதாது, ஒன்றோடொன்று தானாகப் பூட்ட வேண்டும், இன்ஜினும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்றது. பழசும் புதுசும் கலந்து ஓடும் இந்திய ரயில்வேக்கு இன்றைக்கும் பொருந்தும் தீர்ப்பு இது.

'இவ்வளவு பெரிய ரயில்வேயில் ஒரே நாளில் மாற்ற முடியுமா?' என்று கேட்கலாம். ஒரு நாடு மாற்றியிருக்கிறது. ஜப்பானின் ஹோன்ஷூ தீவில் 1925 ஜூலை 17 அன்று சரக்கு வேகன்களை நிறுத்திவைத்து, ஒரே நாளில் ஸ்க்ரூ கப்ளிங்கைக் கழற்றி ஆட்டோமேட்டிக் கப்ளரைப் பொருத்தினார்கள். புதிய கப்ளர்களை முன்கூட்டியே வண்டிகளின் அடியில் கட்டித் தொங்கவிட்டு ஓட்டியதால் அது முடிந்தது. அந்த ஒரு நாளுக்குப் பின்னால் பல வருஷத் தயாரிப்பு இருந்தது. சோவியத் யூனியன் 1930-களில் தொடங்கி 1957 வரை எடுத்துக்கொண்டது. பணக்கார ஐரோப்பாவிலோ சரக்கு ரயில்கள் பெரும்பாலும் இன்னும் ஸ்க்ரூ கப்ளிங்கில்தான் ஓடுகின்றன. அங்கே இப்போது சோதனையில் இருப்பது டிஜிட்டல் ஆட்டோமேட்டிக் கப்ளிங். இரும்போடு சேர்த்துக் காற்றுக் குழாய், மின்சாரம், டேட்டா எல்லாம் ஒரே நேரத்தில் இணையும்.

இந்தியாவில் என்ன செய்யலாம்?

பாதி வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. வந்தே பாரத்தில் தனி இன்ஜினே கிடையாது, கடைசி ஸ்டேஷனில் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. அம்ரித் பாரத்தில் இருமுனையிலும் இன்ஜின், அதனால் திரும்பும்போது மாற்ற வேண்டியதில்லை. இந்த ரயில்களை விளம்பரப்படுத்தும்போது வேகம், ஏசி, சீட் பற்றியெல்லாம் சொல்கிறார்கள். பாயின்ட்ஸ்மேன் இடுக்கில் இறங்கும் தடவைகள் குறைவதை யாரும் சொல்வதில்லை. சொல்லப்போனால் இவற்றின் மிகப் பெரிய லாபங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் சாதாரண எக்ஸ்பிரஸ்களும் சரக்கு ரயில்களும் நாளைக்கே மறையப் போவதில்லை. எல்லா வண்டியிலும் ஒரேயடியாக மாற்றுங்கள் என்று கேட்பதும் நடக்காத காரியம். இன்ஜின் மாட்டும் முனையில் தொடங்கலாம். ஒரு ரயிலில் இருபதுக்கு மேல் பெட்டிகள் இருந்தாலும் அடிக்கடி கழன்று மாட்டுவது அந்த ஓர் இணைப்புதான். அங்கே மட்டும் காற்றுக் குழாயும் கேபிளும் சேர்ந்தே இணையும் கப்ளர் வந்தால், பரௌனியில் அந்த ஊழியர் நின்ற இடத்தில் யாரும் நிற்க வேண்டியிருக்காது. அதுவரை, ஆள் நடுவில் இருக்கும்போது இன்ஜின் நகரவே முடியாதபடி ஒரு பூட்டு வேண்டும். இன்னொருவரின் கை அசைவை மட்டும் நம்பி ஒருவரை உள்ளே அனுப்பக் கூடாது.

செலவாகும். இன்ஜின்களிலும் பெட்டிகளிலும் பழைய ரகத்தோடு பொருந்த வைப்பது சுலபமும் இல்லை. ஆனால் வண்டிகளின் டிசைனை வரையறுப்பது லக்னோவில் உள்ள ஆர்டிஎஸ்ஓ. புதிய இன்ஜினுக்கும் பெட்டிக்கும் விதிமுறை எழுதும்போது, 'ஆள் நடுவே போகாமல் கழற்ற முடிய வேண்டும்' என்ற அந்த 1893-ம் வருஷத்து நிபந்தனையைச் சேர்ப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.