முற்றத்தை மூடாதீர்கள்

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த பாடப்புத்தகத்தில் 'இவேர்' என்றால் பனி மூடிய கூரை, மொட்டை மரம். புதுச்சேரிப் பிள்ளைகளான எங்களுக்கோ குளிர்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். வெப்ப நாடுகளின் மழைக்காலத்துக்குப் பிரெஞ்சிலேயே 'இவெர்னாழ்' என்று ஒரு சொல் இருப்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

அந்த மழைக்காலத்தில் வீட்டுத் தோட்டத்தைக் காப்பாற்றுவது பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தப்பு செய்து கற்றுக்கொண்டது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது காற்றுதான் எதிரி. முருங்கை இரண்டாகப் பிளந்தது. கடலைப் பார்த்த பக்கத்து இலைகளெல்லாம் உப்புக்காற்றில் கருகின. நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிட்டோம். பல செடிகள் பிழைத்தன. அதிலிருந்து புரட்டாசியிலேயே முருங்கையைக் கழித்துவிடுவேன்.

அப்புறம் மகன் முற்றத்துக்கு டைல்ஸ் போடலாம் என்றான். கார் நிறுத்தலாம், சேறு இருக்காது. நானும் தலையாட்டினேன். "மண்ணு குடிக்கிற தண்ணிய இனிமே எங்கங்க அனுப்புவீங்க?" என்று கேட்டவள் என் மனைவி மட்டும்தான். செடிகளைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சதுரமாக மண் விட்டிருக்கிறோமே என்று பதில் சொன்னேன்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. முற்றத்துத் தண்ணீர் முழுக்க அந்தச் சதுரங்களில் இறங்கி, கிணறு மாதிரி நின்றது. பப்பாளி முதலில் சாய்ந்தது. அடுத்து, அவள் நட்டு வளர்த்த கறிவேப்பிலை. தண்ணீரில் நின்றுகொண்டே வாடியது. வேருக்குக் காற்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் அழுகும். அவள் போய் அப்போது மூன்று வருஷம். மரத்தை வெட்டிய அன்று நான் சாப்பிடவில்லை.

48 சென்டிமீட்டரை எந்த மண்ணும் குடிக்காது என்று மகன் வாதாடுகிறான். நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கம் மணல் கலந்த பூமி. மழை விட்டதும் வடியும், வழி விட்டால். டைல்ஸ் போடாத பக்கத்து வீட்டில் மறுநாள் சாயங்காலம் தரை தெரிந்தது. எங்கள் வீட்டில் நான்கு நாள்.

தை பிறந்ததும் பாதி முற்றத்தை உடைத்தேன். கொத்தனார், "போட்டதை உடைக்கிறீங்களே ஐயா" என்று வருத்தப்பட்டார். ஒரு அடி உயரம் மண்ணும் மணலும் மட்கிய சாணமும் போட்டு மேடு கட்டி, புதுக் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். தொட்டிகளுக்கு அடியில் இருந்த தட்டுகளை எடுத்துவிட்டேன். அவை வளர்த்ததெல்லாம் கொசுதான். மழை மாதங்களில் உரமும் போடுவதில்லை, கரைந்து சாக்கடைக்குப் போகிறது.

மீதிப் பாதி கார் நிற்கும் இடம். அதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மகன் இன்னும் பதில் சொல்லவில்லை.