திரையிலே நாடி பார்க்க முடியுமா?

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொறோனாத் தொற்று இந்நாட்டிற் பரவத் தொடங்கியதும் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. ஊரடங்குச் சட்டம் வந்தது. கல்வி நின்றுவிடவில்லை, இணையவழியிலே தொடர்கின்றது என்று ஆட்சியாளர் அன்று பெருமை பேசினர். மருத்துவ மாணவர்க்குத் தொடர்ந்தது எது, நின்றது எது என்று நாம் கேட்கின்றோம்.

விரிவுரையைச் சூம் திரையிலே கேட்கலாம். மருந்தின் அளவைப் படிக்கலாம். பதிவு செய்த பாடத்தை நள்ளிரவிலும் மீட்டுக் கேட்கலாம். இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால், வீங்கிய மண்ணீரலை விரல் நுனியால் உணர்வது எத்திரையில்? இதயத்தின் முணுமுணுப்பைக் காதுக்குழாய் வழியே பிரித்தறிவது எத்திரையில்? தன் நோயைச் சொல்ல நாணும் மூதாட்டியிடம் பக்குவமாய்ப் பேசி உண்மையை அறியும் பொறுமையை எந்தக் கணினி கற்பிக்கும்? கமக்காரர்க்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. படம் பார்த்து நாற்று நடப் பழகியவன் எவன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதன்றோ!

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தந்தார். நூல் கொடுத்தாயிற்று என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. மானிப்பாயிலே மாணவரை நோயாளிகளிடையே வைத்துப் பயிற்றினார்.

கிடைத்த அந்தத் திரைக் கல்விதானும் யாவர்க்கும் ஒருபடித்தாய்க் கிட்டியதா? பல்கலைக்கழகத் தளங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்த 2020இல் வழி செய்யப்பட்டது உண்மை. அலைவரிசை எட்டாத ஊரில் கட்டணமின்மை யாருக்கு உதவும்? 2021இல் ஊவா மலைகளிலே பள்ளிப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் குன்றும் மரமும் ஏறியதை உலகமே கண்டது. வன்னியிலும் படுவான்கரையிலும் விடுமுறைக்கு வீடு திரும்பிய மருத்துவ மாணவனுக்கு வேறு விதியா? கைத்தொலைபேசியோ மடிக்கணினியோ வாங்கித் தரும் சுமை நெல் விற்ற தகப்பன் தலையிலேதான் விழுந்தது. அவ்வாண்டிலேயே இரசாயன உர இறக்குமதியைத் தடுத்து அவன் விளைச்சலையும் இதே அரசு குலைத்தது. 2022 மார்ச்சு இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. மின்சாரம் இல்லாத வீட்டில் இணையவழிக் கல்வியாம்! 1945இல் தோன்றிய இலவசக் கல்வி இப்படியா விலைக் கல்வியாயிற்று?

நாம் பேராசிரியரைக் குறை கூறவில்லை. அவருட் பலர் அந்நாட்களில் நோயாளர் விடுதிகளிலே உயிரைப் பணயம் வைத்து நின்றனர். மாணவரையும் குறை கூறோம். தொற்றுப் பரவிய காலத்தில் அவர்களை விடுதிக்குள் விட்டிருக்க வேண்டும் என்றும் நாம் வாதிடவில்லை. தொற்றுத் தணிந்த பின்னர் இழந்த நாட்களுக்கு ஈடு செய்தீர்களா என்பதே நம் வினா. அவசர அவசரமாய்ப் பாடத்திட்டத்தை முடித்துக் கணக்கை நேராக்கிக் கொள்வது ஈடாகாது.

அக்காலத்தில் பயின்றோர் பலர் இன்று நம் வைத்தியசாலைகளிலே கடமையாற்றுகின்றனர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஏனைய பீடங்களிலும் ஒவ்வொரு தொகுதி மாணவரும் எத்தனை நாள் விடுதிப் பயிற்சியை இழந்தனர், அதில் எத்தனை நாள் திருப்பிக் கொடுக்கப்பட்டது? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இவ்விரு எண்களையும் மக்கள் முன் வைக்கட்டும். அடுத்த தொற்று வருமுன், நோயாளியின் பக்கத்திற் கற்கவேண்டியதைத் திரையிலே கற்றதாகக் கணக்கெழுதக் கூடாதென்று விதி செய்யட்டும்; வசதியற்ற மாணவனுக்குக் கணினியை அரசே கொடுக்கட்டும்.