ஓரத்தை வெட்டினால் உண்மையும் போகும்

படத்தை வெட்டுவது பத்திரிகைத் தொழிலில் அன்றாட வேலை. இடமோ குறைவு, வேண்டாத மூலையை நீக்கினால் படமும் எடுப்பாக அமையும். கலியாணப் படத்தில் பந்தற்காலை வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால், இதுவரை யாரும் கண்டிராத ஒரு பொருளின் படத்தில் இந்த உரிமை நமக்கு உண்டா? இல்லை என்பதே என் கட்சி.

ஸ்காட்லாந்தில் நெஸ் என்று ஓர் ஏரி. நீளம் சுமார் 37 கிலோ மீட்டர். ஆழம் 200 மீட்டருக்கு மேல். அதில் பூதாகாரமான பிராணி ஒன்று வாழ்கிறது என்ற பேச்சு 1933-ல் பெரும் பரபரப்பாயிற்று. 1934 ஏப்ரல் 21-ந் தேதி, லண்டன் 'டெய்லி மெயில்' ஒரு படத்தைப் பிரசுரித்தது. நீருக்கு மேலே நீண்ட கழுத்து, சிறிய தலை! கொடுத்தவர் ராபர்ட் கென்னத் வில்சன் என்ற டாக்டர். டாக்டர் பொய் சொல்வாரா? பலரும் நம்பினார்கள்.

உலகமெங்கும் பரவிய அந்தப் படம் நாற்புறமும் வெட்டப்பட்டது. அதில் கழுத்தே படத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெட்டாத படத்தைப் பாருங்கள்: விரிந்த நீர்ப்பரப்பு, தொலைவில் எதிர்க்கரை, நடுவே சின்னஞ்சிறு உருவம். சுற்றியிருப்பவை பேரலைகள் அல்ல, சிற்றலைகள். அவற்றைக்கொண்டு அளந்து பார்த்தவர்கள், உருவம் இரண்டு மூன்று முழத்துக்கு மேல் இராது என்றார்கள்.

1994-ல் குட்டு வெளிப்பட்டது. விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின்மேல் தலையும் கழுத்தும் செய்து ஒட்டியது தாமே என்று கிறிஸ்டியன் ஸ்பர்லிங் என்பவர் இறக்குமுன் ஒப்புக்கொண்டிருந்தார். உலகம் ஏமாந்தது அறுபது ஆண்டுகள்!

"வெட்டாமல் போட்டிருந்தால் மட்டும் மோசடி நின்றிருக்குமா?" என்று கேட்கலாம். நின்றிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால், வாசகர் கையில் ஓர் அளவுகோல் இருந்திருக்கும். கரையையும் அலையையும் ஒப்பிட்டு அவரே தீர்ப்புச் சொல்லியிருப்பார். கத்தரிக்கோல் அந்தச் சாட்சிகளைத்தான் வெளியே தள்ளிவிட்டது.

பழம்பொருள் ஆராய்ச்சியாளர்கள், தோண்டி எடுத்த பொருளின் பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வைத்தே படம் பிடிக்கிறார்கள். பாறையைப் படம் எடுப்பவர்கள் ஒரு நாணயத்தையாவது வைக்கிறார்கள். அளவு தெரியாத படம் பாதிப் படமே என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்று கத்தரிக்கோல் பத்திரிகை ஆபீசில் மட்டும் இல்லை. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவர் விரலிலும் இருக்கிறது. ஆகவே விதி எல்லோருக்கும் ஒன்றே. அழகுக்கு இடையூறானதை வெட்டுங்கள். அளவைக் காட்டுவதை வெட்டாதீர்கள். வெட்டியே ஆகவேண்டுமானால், 'இது முழுப் படமன்று' என்று அடியில் ஒரு வரி போடுங்கள். அதிசயமான படம் ஒன்று உங்களிடம் வந்தாலோ, வியப்பதற்கு முன்னால் முழுப் படத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.