ரெண்டாவது தடவையும் கத்தியா?

கல்யாண வீட்டுப் பந்தியில ஆரம்பிச்ச கோபம் இது. மூணு வாரமாச்சு, இன்னும் ஆறலை. அதனால இங்கே கொட்டிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க மக்களே.

போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம. இலையில உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து சித்தப்பா ஒருத்தர், நாலு பேர் காதுல விழற மாதிரி ஆரம்பிச்சார். "ஏம்மா, அத்தனை லட்சம் கொட்டி வயித்தை வெட்டிக்கிட்டே, மறுபடியும் ஏத்திட்டியே! இப்ப இன்னொரு ஆபரேஷனாமே? நாக்கைக் கட்ட முடியாதவங்களுக்கு எத்தனை ஆபரேஷன் பண்ணி என்ன பிரயோஜனம்?"

அக்கா ஒண்ணும் பேசலை. ரசம் வர்றதுக்கு முன்னாடியே இலையை மூடிட்டு எழுந்துட்டா.

அதே வாரம் இன்னொரு கூத்து. ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து (பேர் வேண்டாம்) அக்காவுக்கு போன். "ரிவிஷன் பண்ணிடலாம் மேடம். 30 கிலோ கண்டிப்பா குறையும். இந்த மாசத்துக்குள்ள புக் பண்ணினா பேக்கேஜ்ல சலுகை இருக்கு." பழைய மிக்ஸியைக் கொடுத்துட்டு புது மிக்ஸி வாங்கற மாதிரி.

சித்தப்பா ஒரு பக்கம், போன்ல பேசின பொண்ணு இன்னொரு பக்கம்னு தோணும். எனக்கு அப்படித் தெரியலை. ரெண்டு பேரும் அக்காவை எடை மெஷின் மேலேயே நிக்க வெச்சுப் பார்க்கறாங்க. எத்தனை கிலோ ஏறிச்சு, எத்தனை கிலோ இறங்கும், அவ்ளோதான். ரெண்டாவது ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண இதைவிட மோசமான கேள்வி கிடையாது. "எதுக்காக?"ங்கறதுதான் முதல் கேள்வி. அதை ரெண்டு பேருமே கேட்கலை.

முதல்ல சித்தப்பாவுக்கு

அக்கா 2017-ல ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கிட்டா. இரைப்பையில முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி ஆக்கிடுவாங்க. அன்னிக்கு அவ எடை 118 கிலோ. ஒன்றரை வருஷத்துல 79-க்கு வந்தா. இப்ப 98. எல்லாரும் 79-ஐயும் 98-ஐயும் பக்கத்துல வெச்சுப் பார்த்து "தோத்துட்டா"ங்கறாங்க. 118-ஐ எல்லாரும் வசதியா மறந்தாச்சு. எட்டு வருஷத்துக்கு மேல ஆகியும் அவ 20 கிலோ குறைவாத்தான் இருக்கா. இன்சுலின் ஊசி நின்னுது, நின்னதுதான்.

இது அக்காவுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஸ்வீடன்ல 1987-ல ஆரம்பிச்ச ஒரு பெரிய ஆய்வு உண்டு. நாலாயிரம் பேருக்கு மேல. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. 2007-ல வந்த முடிவைப் பாருங்க. பைபாஸ் (ஹார்ட் பைபாஸ் இல்லீங்க, இது இரைப்பைக்குப் பண்றது) பண்ணினவங்களுக்கு முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துல அதிகபட்சமா 32 சதவீதம் எடை குறைஞ்சது. பத்து வருஷம் கழிச்சு அது 25 சதவீதத்துல நின்னுது. வேற வகை ஆபரேஷன் பண்ணினவங்களுக்கும் இதே கதை, நம்பர்தான் இன்னும் கம்மி. அதாவது கொஞ்சம் திரும்ப ஏறறது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். அப்படி ஏறியும்கூட, ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க பக்கம் சாவு எண்ணிக்கை குறைவா இருந்தது. இதுக்குப் பேர் தோல்வியா?

"நாக்கைக் கட்டினா போதும்"ங்கறவங்களுக்கு இன்னொண்ணு. அமெரிக்காவுல 'தி பிக்கஸ்ட் லூசர்'னு ஒரு டிவி நிகழ்ச்சி. கத்தியே கிடையாது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு, வெறித்தனமான உடற்பயிற்சி, அவ்ளோதான். அதுல கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுப் பரிசோதிச்சு 2016-ல ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலானவங்களுக்கு எடை நிறையவே திரும்பியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சும்மா இருக்கும்போது அவங்க உடம்பு எரிக்க வேண்டிய சக்தியில ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவா எரிச்சுக்கிட்டு இருந்தது. சுமாரா எட்டுப் பத்து இட்லி கணக்கு. விட்ட எடையைத் திரும்பப் பிடிக்க உடம்பு வருஷக்கணக்கா போராடுது. இதுல நாக்கு எங்கே வந்தது?

அக்கா ராத்திரி ஐஸ்க்ரீம் சாப்பிட்டதே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சாப்பிட்டா. ஸ்லீவ் பண்ணினவங்களுக்கு இட்லி இறங்காத நாள்லகூட ஐஸ்க்ரீம் வழுக்கிக்கிட்டு இறங்கும். அதைச் சரி பண்ண டயட்டீஷியன் வேணும். பந்தியில வெச்சு மானத்தை வாங்கற சித்தப்பா வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? இந்த ஸ்லீவே ஒரு ரெண்டு கட்ட ஆபரேஷனோட முதல் பாதிதான். 2000-ஐ ஒட்டிய வருஷங்கள்ல, ரொம்ப அதிக எடை இருக்கறவங்களுக்கு முழு ஆபரேஷனையும் ஒரே நாள்ல பண்றது ஆபத்துன்னு ரெண்டாப் பிரிச்சாங்க. முதல்ல ஸ்லீவ், கொஞ்சம் எடை குறைஞ்சப்புறம் குடலை மாத்தி இணைக்கற வேலை. சிலருக்கு முதல் பாதியே போதும்னு ஆச்சு. அதனால அது தனி ஆபரேஷனா மாறிடுச்சு. ஆக, ரெண்டாவது ஆபரேஷன்ங்கறது வெட்கம் கெட்டவங்க கண்டுபிடிச்சது இல்லை. ஆரம்பத்துலேயே திட்டத்துல இருந்தது.

இப்ப போன் பண்ணின ஆஸ்பத்திரிக்கு

நீங்க சொல்லாம விட்டதை நான் சொல்றேன்.

ஒண்ணு. ஏற்கெனவே வெட்டித் தைச்ச வயிறு இது. உள்ளே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருக்கும், பழைய ஸ்டேப்லர் தழும்பு இருக்கும். தையல் கசியறது, ரத்தப்போக்கு, தொற்று, எல்லாமே முதல் தடவையைவிட ரெண்டாவது தடவை அதிகம்.

ரெண்டு. எடை குறையறது முதல் தடவை மாதிரி இருக்காது. ஸ்லீவை பைபாஸா மாத்தறதுல எடை விஷயத்துல கிடைக்கற லாபம் பல பேருக்கு சுமார்தான். "30 கிலோ கண்டிப்பா"ன்னு போன்ல சொல்ல எந்த டாக்டருக்கும் உரிமை கிடையாது. மார்க்கெட்டிங் பொண்ணுக்கு எங்கேருந்து வந்தது?

மூணு. குடலை அதிகமா சுத்தி விட்டா எடை நல்லா குறையும், கூடவே சத்தும் போகும். இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாத்துக்கும் ஆயுசு முழுக்க மாத்திரை, வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. பைபாஸுக்கு அப்புறம் மூட்டுவலிக்கு நாமளா கடையில வாங்கிப் போட்டுக்கற வலி மாத்திரைகளையும் தவிர்க்கணும். இணைச்ச இடத்துல புண் வரும். முட்டிவலி இருக்கற 47 வயசு மனுஷிக்கு இது சின்ன விஷயமா?

நாலு. வெட்டின இரைப்பை திரும்ப வளராது. இது பிடிக்கலைன்னா மாத்திக்கற புடவை இல்லை.

அப்ப வேண்டவே வேண்டாமா?

அதுவும் இல்லை. இங்கேதான் "எதுக்காக?" வருது.

ஸ்லீவுக்கு ஒரு பெரிய குறை உண்டு, எதுக்களிப்பு. சுவிட்சர்லாந்துல ஸ்லீவையும் பைபாஸையும் அஞ்சு வருஷம் ஒப்பிட்ட ஆய்வு 2018-ல வந்தது. எடை விஷயத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா ஏற்கெனவே எதுக்களிப்பு இருந்தவங்கள்ல அது மோசமானது ஸ்லீவ்ல ஏறக்குறைய 32 சதவீதம் பேருக்கு, பைபாஸ்ல 6 சதவீதம் பேருக்குத்தான். மருந்துக்கு அடங்காத எதுக்களிப்பு, உணவுக்குழாயில புண், இரைப்பை சுருங்கி சாப்பாடு இறங்காத நிலை, இதெல்லாம் இருந்தா ரெண்டாவது ஆபரேஷன் ஒரு சிகிச்சை. அதுக்கு யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

எடை மட்டும்தான் காரணம்னா? என் கட்சி இதுதான்: திரும்பப் பண்ண முடியாததைக் கடைசியில வைங்க. முதல்ல ஏன் ஏறிச்சுன்னு பாருங்க. எண்டோஸ்கோபி, எக்ஸ்ரே எடுத்து உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க. தைராய்டு பாருங்க. ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையை ஏத்தும், அதையும் பாருங்க. அப்புறம் ஊசி மருந்துகள் இருக்கு. டிர்செபடைடும், எடைக்கான செமாகுளுடைடும் 2025-ல இந்தியாவுக்கு வந்தாச்சு. ஆபரேஷன் பண்ணியும் சரியா குறையாதவங்களுக்கு அந்த வகையிலேயே பழைய மருந்தான லிராகுளுடைடைக் கொடுத்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வு 2023-ல வந்தது. ஆறு மாசத்துல சராசரியா கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைஞ்சது. டம்மி ஊசி போட்டவங்களுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை.

ஊசியும் சர்வரோக நிவாரணி கிடையாது. குமட்டல், வாந்தி வரும். மாசாமாசம் காசு. செமாகுளுடைடை நிறுத்தினவங்களுக்கு ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிடுச்சுன்னு 2022-லேயே எழுதிட்டாங்க. ஆனா ஒத்துக்கலைன்னா ஊசியை நிறுத்தலாம். வெட்டின குடலை நிறுத்த முடியாது. ஊசிக்கும் மசியாம, சர்க்கரையும் மூச்சுத்திணறலும் திரும்ப வந்து நிக்குதுன்னா, அப்ப எடைக்காகவே ரெண்டாவது ஆபரேஷன் பண்ணிக்கறதுலயும் நியாயம் இருக்கு. ஆபத்தைத் தெரிஞ்சு பண்ணிக்கணும், அவ்ளோதான்.

போறதுக்கு முன்னாடி நாலு கேள்வி எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. முதல் ஆபரேஷன்ல என்ன பண்ணினாங்கங்கற குறிப்பு உங்க கையில இருக்கா? (இல்லைன்னா பழைய ஆஸ்பத்திரியில கேட்டு வாங்குங்க, அது உங்க உரிமை.) இந்த டாக்டர் ரெண்டாவது ஆபரேஷன் மட்டும் எத்தனை பண்ணியிருக்கார், அதுல எத்தனை பேருக்குக் கசிவு? பண்ணிக்கலைன்னா எனக்கு என்ன ஆகும்? இன்ஷூரன்ஸ் கம்பெனி எழுத்துல ஒத்துக்கிச்சா? ரெண்டாவது கேள்விக்கு முகம் சுளிக்கற டாக்டர்கிட்டேருந்து எழுந்து வந்துடுங்க.

அக்கா என்ன பண்ணப் போறா?

நாங்க வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம். எண்டோஸ்கோபி பார்த்தார். உணவுக்குழாயோட அடிப்பக்கம் புண்ணாக் கிடக்கு. ரெண்டு வருஷமா அக்கா ராத்திரியில மூணு தலகாணி வெச்சு உட்கார்ந்த மேனிக்குத்தான் தூங்கறா. நெஞ்சு எரிச்சல்ல ரெண்டு மணிக்கு எழுந்து, வாய்க்கு வந்த புளிச்ச தண்ணியைத் துப்பிட்டு, விடியற வரைக்கும் ஹால்ல உட்கார்ந்திருப்பா. மாத்திரை வேளைக்கு வேளை போட்டும் கேட்கலை. இது எங்க வீட்டுக்கே தெரியும். ஆனா எங்க எல்லார் பேச்சும் 98-ஐ சுத்தியே இருந்ததால, நாங்ககூட இதை ஒரு காரணமா நினைக்கலை. சித்தப்பாவைத் திட்டற யோக்கியதை எனக்கும் முழுசா இல்லைன்னு அப்பத்தான் உறைச்சது.

டாக்டர் பளிச்சுன்னு சொன்னார். "எதுக்களிப்புக்காகன்னா பைபாஸா மாத்தலாம், நல்ல பலன் இருக்கும். எடை அஞ்சு பத்து குறைஞ்சா போனஸ்னு வெச்சுக்கோங்க. குறையலைன்னா என்னை வந்து கேட்கக் கூடாது."

அடுத்த மாசம் தேதி குறிச்சாச்சு. பயமா இருக்கான்னு கேட்டேன். "இருக்குடா. ஆனா நான் இளைக்கறதுக்குப் போகலை. படுத்துத் தூங்கறதுக்குப் போறேன். சித்தப்பா கேட்டா அதைச் சொல்லு"ன்னா.

சொல்லிட்டேன் சித்தப்பா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, டாக்டர்கள் எழுதினதைப் படிச்சுத் தலையைப் பிச்சுக்கிட்ட ஒரு தம்பி. உங்க வயித்தை உங்க டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க. "எங்க பக்கத்து வீட்டு மாமி கொள்ளு சாப்பிட்டே 20 கிலோ குறைச்சாங்க"ன்னு வர்றவங்களுக்கு, மாமிக்கு என் வாழ்த்துக்கள் :-)