பத்து நிமிடத் தாமதமும் பாதி நாள் கூலியும்



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் வேளையில் நம் வணிகப் பெருமக்கள் சொல்லிக்கொள்ளும் குறைகளில் ஒன்று எக்காலத்திலும் மாறுவதில்லை. "புதிதாக ஒரு பையனை வைத்தேன் ஹஜ்ரத், ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதேகாலுக்கு வருகிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை" என்பார்கள். இதுபற்றி அவனிடம் என்ன பேசினீர்கள் என்று வினவினால், "என்னத்தைப் பேசுவது? பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

இந்தப் 'பார்த்துக்கொண்டிருத்தல்' பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில் அதைப் பலர் பொறுமை என்று கருதிக்கொள்கிறார்கள். என் கருத்தில் அது பொறுமை அன்று, கணக்கு எழுதுதல். எழுதிய கணக்கு சம்பள நாளன்று வெளியே வருகிறது.

எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவருக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் வேலை கிடைத்தது. அவருடைய கிராமத்திலிருந்து காலை 6 மணிக்கு ஒரு பேருந்து. அதை விட்டால் அடுத்தது 8 மணிக்கு மேல்தான். முதல் பேருந்தில் வந்தால் பூட்டிய கடையின் முன் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். அடுத்த பேருந்திலோ கடைவாசலை அடையும்போது 9.10 ஆகிவிடும். பால் வண்டிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்ட நாட்களில் நேரத்துக்கு வந்தார். வண்டி வராத ஆறு நாட்களில் பத்துப் பத்து நிமிடம் தாமதமானது. முதலாளி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பதோடு சரி. மாணவரும் பேருந்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலை கேட்கப் போனபோதே அதைச் சொன்னால் வேலை கிடைக்காது என்ற அச்சம். பிறகு சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்பார்களே என்ற அச்சம். மாத முடிவில் ஆறு அரை நாட்களுக்கான கூலி பிடிக்கப்பட்டிருந்தது. மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. "நன்றி கெட்ட பையன்" என்று முதலாளி கடைவீதியில் சொல்லித் திரிந்தார்.

இந்த நிகழ்ச்சியின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். எளிமைக்காக நாட்கூலி 480 ரூபாய் என்றும் வேலை நேரம் எட்டு மணி என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தின் விலை சரியாக ஒரு ரூபாய். ஆறு நாட்களில் அந்த இளைஞர் கொடுக்கத் தவறியது அறுபது நிமிடம், அதாவது 60 ரூபாய். அவரிடமிருந்து எடுக்கப்பட்டது ஆறு அரை நாட்கள், அதாவது 1,440 ரூபாய். எடை குறைத்து நிறுக்கும் வணிகனைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது. ஒன்றுக்கு இருபத்து நான்கு என்று நிறுத்தெடுக்கும் இந்தத் தராசை எவரும் கவனிப்பதில்லை.

சட்டமும் இதை ஏற்பதில்லை. வேலைக்கு வராத நேரத்துக்கு அந்த நேரத்தின் அளவுக்கே கூலியைப் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் அது அபராதம். அந்த அபராதமும் ஒரு சம்பளக் காலத்தின் ஊதியத்தில் நூற்றுக்கு 3 பங்கைத் தாண்டக்கூடாது; எதற்கு அபராதம் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்; பணியாளுக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் இவ்வாறுதான் விதித்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே வரம்பையே வைத்திருக்கிறது. 'மூன்று நாள் தாமதமானால் அரை நாள் கூலி இல்லை' என்று அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் அன்பர்கள் அதை ஒருமுறை கழற்றி யோசிப்பது நல்லது.

ஆனால் பணத்தை விடப் பெரிய இழப்பு அந்த மௌனத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவன் முதல் வாரத்தில் கடையின் வழக்கங்களைக் கண்ணால் கற்றுக்கொள்கிறான். தாமதமாக வந்த முதல் நாளில் எவரும் ஒன்றும் கேட்கவில்லையென்றால், பத்து நிமிடம் இங்கே ஒரு பொருட்டன்று என்று அவன் எடுத்துக்கொள்வதில் வியப்பென்ன? அப்படிக் கற்பித்தது முதலாளியின் வாய் அன்று, அவருடைய மௌனம். இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ தனியே அழைத்துச் சொல்லியிருந்தால் இரண்டு வாக்கியங்களில் முடிந்திருக்கும். இருபதாம் நாளில் சொல்லும்போது, இருபது நாள் எரிச்சலும் அந்தச் சொல்லோடு சேர்ந்து வெளிவருகிறது. வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, சக பணியாளர்கள் கேட்கும்போது வருகிறது. அந்த அவமானத்துக்குப் பின் அவன் நேரத்துக்கு வந்தாலும் மனத்தோடு வருவதில்லை.

அழைத்துப் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது காரணம். இதில் ஒரு நுட்பம் உண்டு. "ஏன் லேட்?" என்று கேட்டால் எவரும் சாக்குத்தான் சொல்வார்கள். "எந்த ஊரிலிருந்து வருகிறாய் தம்பி? எந்த பஸ்? வீட்டில் காலையில் என்னென்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை தானே வரும். பல நேரங்களில் குற்றம் நம்மிடமே இருப்பதும் தெரியவரும். "காலையில் வந்துவிடு" என்று சொல்லி வேலையில் சேர்த்திருப்போம். மணி சொல்லியிருக்க மாட்டோம். அல்லது ஒன்பது மணிக்குக் கடை திறப்பு என்று சொல்லியிருப்போம். எட்டே முக்காலுக்கு வந்து வாசல் பெருக்கி, மூட்டைகளை வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது நம் மனத்துக்குள் இருந்திருக்கும். அவன் மனத்துக்குள் அது எப்படிப் போகும்?

துணிக்கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் இப்போது பெண்கள் பலர் வேலை செய்கிறார்கள். 2021ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதச் சம்பளத்தில் பேருந்துச் செலவு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும் ஒரு பெண், முன்னால் வருகிற விரைவுப் பேருந்தை விட்டுவிட்டு அந்தப் பேருந்துக்காக நிற்பாள். அவளுடைய பதினைந்து நிமிடத் தாமதத்துக்குள் அந்தக் கணக்கு இருக்கக்கூடும். அவளுக்கு மட்டும் நேரத்தைக் காலையில் கால் மணி தள்ளி, மாலையில் கால் மணி கூட்டினால் கடைக்கு என்ன நட்டம்? எதிரே நின்று வரவேற்க வேண்டிய முதல் வாடிக்கையாளர் வருவதற்கே பத்து மணியாகும் கடைகள்தாமே நம்மில் பெரும்பாலானவை!

இவ்விடத்தில் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் நினைவு வராமல் இருக்காது. சுமார் பத்து வயதில் நபி (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்தவர்கள் அவர்கள். ஒருநாள் ஒரு வேலையாக வெளியே அனுப்பப்பட்டபோது, வழியில் கடைவீதியில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடம் நின்றுவிட்டார்கள். சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கரம் அவர்களின் பிடரியைப் பற்றியது. திரும்பிப் பார்த்தால் நபி (ஸல்) அவர்கள் சிரித்த முகத்தோடு நின்றார்கள். சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் செல்லப் பெயரிட்டு வினவினார்கள். இதோ போகிறேன் என்று சிறுவர் புறப்பட்டார். இந்நிகழ்ச்சியைக் கருணைக்குச் சான்றாகவே நாம் எடுத்துச் சொல்லி வருகிறோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தாமதம் கண்டுகொள்ளாமல் விடப்படவில்லை. தேடி வந்து, அன்றே, அந்த இடத்திலேயே கேட்கப்பட்டது. கேட்கப்பட்டதும் வேலையைப் பற்றித்தானே தவிர, சிறுவரின் குணத்தைப் பற்றி அன்று.

வரலாறு பயின்றபோது படித்த வேறொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் பீங்கான் தொழிலதிபர் 1769இல் எட்ரூரியா என்ற தொழிற்கூடத்தைத் திறந்தார். மணியடித்து வேலை தொடங்கும் பழக்கமே இல்லாத குயவர்களை அந்தப் பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. தம் மேற்பார்வையாளருக்கு அவர் எழுதி வைத்த அறிவுரைகளின் வரிசை கவனிக்கத்தக்கது. காலையில் முதலில் வந்து நிற்க வேண்டியவர் மேற்பார்வையாளர். நேரத்துக்கு வருகிறவர்களைக் கவனித்துப் பாராட்டுவது அவர் கடமை. தாமதமாக வருகிறவர்களுக்கு அதிருப்தியை உணர்த்துவது அதற்குப் பின். பலமுறை உணர்த்தியும் திருந்தாதவர்களுக்கே கூலிப் பிடித்தம், அதுவும் தவறிய நேரத்தின் அளவுக்கு மட்டும். வெட்ஜ்வுட் இளகிய மனிதர் அல்லர். கண்டிப்பானவர் என்றே பெயர் எடுத்தவர். நாமோ அந்த வரிசையின் கடைசிப் படியில் தொடங்குகிறோம். நேரத்துக்கு வந்த இருபது நாட்களுக்காக ஒரு பையனிடம் நல்ல சொல் சொன்ன முதலாளி எத்தனை பேர்?

கடை வைத்திருப்பவர்களுக்கான பேச்சு இது என்று சகோதரிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் ஒரு பெண்ணை வைத்திருக்கும் ஒவ்வொரு இல்லத்தரசியும் முதலாளிதான். புதிதாக வந்தவள் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஏழரைக்கு வருகிறாள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரம். சமையற்கட்டில் இரவுப் பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. உங்கள் எரிச்சல் நியாயமானதே. ஆயினும் அவள் மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள் என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் வீட்டில், "போகிற போக்கில் இந்த மீனையும் ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போ" என்று சொல்லியிருந்தால், அந்த மீன்தான் உங்கள் வீட்டுத் தாமதம். நீங்கள், "இந்தப் போர்வைகளையும் அலசிவிடு" என்றால் அது மூன்றாம் வீட்டின் தாமதமாகிறது. அங்கே அவள் கேட்கப்போகும் ஏச்சு உங்கள் காதில் விழாது. அவளுடைய தெருவில் குழாய்த் தண்ணீர் வரும் நேரமும் ஆறரையிலிருந்து ஏழு மணியாக இருக்கலாம். ஏழு மணி என்பது அவளால் இயலாத மணியென்றால், ஏழரை என்று இருவரும் ஒப்புக்கொண்டு, ஏழரைக்கு வருவதை உறுதியாகக் கேளுங்கள். காக்க முடியாத ஏழு மணியை விடக் காக்கப்படும் ஏழரை மணி உங்களுக்கும் வசதி.

காலை நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இரவு நேரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. கடைப் பணியாளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி வேலை. மேற்கொண்டு வாங்கும் வேலைக்கு இரு மடங்குக் கூலி என்று 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. காலையில் பத்து நிமிடத்தை எழுதி வைக்கும் பதிவேட்டில், இரவு லோடு இறக்க நிறுத்தி வைத்த ஒன்றரை மணி நேரம் எழுதப்படுகிறதா? ரமளான் கடைசிப் பத்தில் பெருநாள் வியாபாரம் நள்ளிரவு வரை நடக்கிறது. பையன் வீடு போய்ச் சேர்ந்து, சற்றே கண்ணயர்ந்து, சஹருக்கு எழுந்து, ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் படுக்கிறான். மறுநாள் அவன் ஒன்பதரைக்கு வந்து நிற்கும்போது கடிகாரத்தைக் காட்டும் முதலாளி, முந்திய இரவு அதே கடிகாரத்தைத் தாமே பார்த்திருக்க வேண்டாமா? கைரேகை வைத்து வருகையைப் பதியும் கருவி வாங்கியிருப்பவர்கள், போகும் நேரத்துக்கும் அதில் கைரேகை வைக்கச் சொல்லட்டும். மாதம் ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

உறவுக்காரப் பையன்களின் காரியம் தனி. மச்சான் மகன் பத்து மணிக்கு வந்தால் "ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்" என்று சிரிப்பு; அயல் வீட்டுப் பையன் வந்தால் சினம். பார்த்துக்கொண்டிருக்கும் மற்றப் பணியாளர்களுக்கு இதற்கு மேல் பாடம் எதுவும் தேவையில்லை. அந்தக் கடையில் நேரம் என்று ஒன்று இல்லை என்பதை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

தாமதத்தை நான் சிறிதாக்கிப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். ஒருவன் வராத கால் மணி நேரத்தில் அவன் பெருக்க வேண்டிய வாசலை இன்னொருவன் பெருக்குகிறான். மருந்துக்கடையில் சீட்டோடு நிற்பவரின் வீட்டில் காய்ச்சலோடு குழந்தை கிடக்கலாம். காரணம் கேட்டு, நேரத்தை மாற்றிக் கொடுத்து, தனியே இரண்டு முறை எடுத்துச் சொல்லி, ஒரு மாதம் தவணையும் கொடுத்த பின்னும் ஒருவன் பழையபடியே வந்தால் அவனை அனுப்பிவிடலாம், அதில் தவறில்லை. அனுப்பும் நாளில் அதுவரை உழைத்த கூலியை முழுமையாக எண்ணிக் கையில் கொடுங்கள். "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்" என்று அலையவிட வேண்டாம். நாளை மற்றொரு கடைக்காரர் உங்களிடம் வந்து, "அந்தப் பையன் எப்படி?" என்று விசாரிப்பார். "நேரத்துக்கு வரமாட்டான், மற்றபடி கை சுத்தம், கணக்கு நன்றாகத் தெரியும்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வெறுமனே உதட்டைப் பிதுக்கிவிட்டால், அவன் கல்லாவில் கை வைத்தவன் என்று அவர் நினைத்துக்கொண்டு போய்விடுவார்.