ஒரு மணி நேர மனமாற்றம்

தான் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்வது மனிதனுக்கு அரிது. தன்னை அறியாமலே செய்யும் குற்றத்தை ஒப்புக்கொள்வதோ அதனினும் அரிது. அந்த அரிய செயலை ஆண்டுக்கு ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கலாம் என்று ஓர் அரசு விதி வகுக்குமாயின், அவ்விதியைப் போற்றுவதா, பழிப்பதா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் அத்தகைய விதியை வகுத்துள்ளது. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா அங்கே தலைவிரித்தாடியபோது, மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 விழுக்காடே உள்ள கறுப்பினத்தார் இறந்தோரில் ஏறத்தாழ 40 விழுக்காடாயினர். அதிர்ந்த ஆளுநர் அவ்வாண்டு ஜூலையில் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன் விளைவாக 2022 ஜூன் முதல், மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், மருந்தாளுநர் என மனிதருக்குப் பணியாற்றும் உரிமம் பெற்றோர் யாவரும் 'தன்னையறியாப் பாரபட்சம்' குறித்துப் பயிற்சி பெற்றாக வேண்டும். புதிதாக உரிமம் கேட்போருக்கு இரண்டு மணி நேரம். புதுப்பிப்போருக்கு ஆண்டுக்கு ஒரு மணி நேரம். கலிபோர்னியா 2019-இலேயே பேறுகாலப் பணியாளருக்கென ஒரு சட்டத்தையும், மருத்துவரின் தொடர்கல்வியில் இப்பாடத்தைச் சேர்க்க மற்றொரு சட்டத்தையும் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் அவ்வழியே சென்றன.

நோய் உண்மையானது என்பதில் ஐயமில்லை. 2016-இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளையின மருத்துவ மாணவரையும் பயிற்சி மருத்துவரையும் வினவினர். கறுப்பினத்தாரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்க் கருத்துகளில் ஒன்றையேனும் ஏறத்தாழப் பாதிப்பேர் நம்பினர். அவ்வாறு நம்பியோர் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டு, அதற்கேற்பப் பிழையான மருத்துவமும் பரிந்துரைத்தனர். 2023-இல் அந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு இறந்த வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர்; கறுப்பினத் தாய்மார் 50.3 பேர். இவ்வெண்களுக்கு முன் நின்றுகொண்டு, "எங்கள் மருத்துவமனையில் எல்லாரும் சமமே" என்று எவர் துணிந்து கூற இயலும்?

ஆயினும் கூறுகிறார்கள். இப்பயிற்சி தம்மை இழிவுபடுத்துகிறது என்றும், தம் நாவில் அரசின் சொற்களைத் திணிக்கிறது என்றும் கலிபோர்னிய மருத்துவர் சிலர் வழக்குத் தொடுத்தனர். தொடர்கல்விப் பாடத்தில் எது இடம்பெற வேண்டும் என்று விதிப்பது அரசு தன் கருத்தைத் தானே உரைப்பதாகும் எனக் கூறிக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. உரிமம் என்பது பொதுமக்களின் நம்பிக்கையின்பேரில் அரசு வழங்குவது. கை கழுவும் முறையைக் கற்கச் சொல்லும் அரசு, கண்ணில் படிந்த மாசைக் கழுவவும் சொல்லலாம். உரிமம் பெற்றவர் அதில் அவமானம் கொள்ள ஒன்றுமில்லை.

எனவே எதிர்ப்பாளரோடு நமக்கு உடன்பாடில்லை. நம் வழக்கு இதன் ஆதரவாளரோடுதான். நோயைச் சரியாகக் கண்டவர்கள், மருந்தைச் சோதிக்காமலே ஊட்டுகிறார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு.

1998-இல் உளவியலார் மூவர், கணினித் திரையில் சொற்களையும் பெயர்களையும் எவ்வளவு விரைவாக இணைக்கிறோம் என்பதைக் கொண்டு உள்மனச் சார்பை அளக்கும் சோதனையொன்றை வெளியிட்டனர். இன்றைய பயிற்சிகள் பலவற்றின் மூலவேர் அதுவே. அதன்பின் அச்சார்பை மாற்ற முயன்ற 492 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த அறிக்கை 2019-இல் வந்தது. சோதனையின் அளவுகளைச் சிறிதே மாற்ற முடிகிறது. அவ்வாறு மாறியதால் மனிதரின் நடத்தை மாறியதற்குச் சான்றில்லை என்பதே அதன் முடிவு. மருந்து ஒன்று இத்தகைய முடிவைத் தந்திருந்தால் அதை எந்த மருத்துவராவது நோயாளிக்கு எழுதித் தருவாரா? மருந்துக்கு ஒரு நீதி, மருத்துவருக்கு ஒரு நீதியா?

மிச்சிகன் விதி, பயிற்சிக்கு முன்னும் பின்னும் மதிப்பீடு வேண்டும் என்கிறது. யாரை மதிப்பிட? பயிற்சி பெற்றவரை. அவரிடம் மருத்துவம் பெற்றவரின் வலி தணிந்ததா, தாய் பிழைத்தாளா என்று உரிமம் புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு வினாவும் இல்லை. ஆன்ம சோதனை செய்தாயா என்று கேட்டுவிட்டு, அநியாயமாகப் பறித்ததைத் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்காமல் அனுப்புவது போன்றது இது.

திருப்பிக் கொடுத்தல் என்றால் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குருதியிலுள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு சிறுநீரகத்தின் திறனைக் கணிப்பதற்கு மருத்துவர் ஒரு சூத்திரத்தைக் கையாள்வர். நோயாளி கறுப்பினத்தவர் எனில், பல்லாண்டுகளாக அச்சூத்திரம் விடையைச் சற்றே உயர்த்திக் காட்டியது. ஆகவே சிதைந்த சிறுநீரகமும் தாளில் நலமாகத் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குரிய வரிசையில் அவர் காலந்தாழ்த்தியே இடம்பெற்றார். அச்சூத்திரத்தைப் பயன்படுத்திய மருத்துவர் உள்ளத்தில் பகை இருந்திருக்க வேண்டுவதில்லை. அன்பே உருவானவரும் அதே விடையைத்தான் கண்டிருப்பார். 2021-இல் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமும் இனத்தைச் சூத்திரத்திலிருந்து நீக்கப் பரிந்துரைத்தன. 2023-இல், இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பி அளிக்குமாறு உறுப்பு மாற்று மையங்கள் பணிக்கப்பட்டன. 2024 மார்ச்சுக்குள் 14,000-க்கும் மேற்பட்டோர் சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைத் திரும்பப் பெற்றனர். எத்தனை மணி நேரப் பயிற்சி இதைச் செய்திருக்கும்?

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் அத்தகையதே. 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்களே வெளியிட்ட ஆய்வின்படி, கருவி கண்டறியத் தவறிய ஆக்சிஜன் குறைவு வெள்ளையினத்தாரைவிடக் கறுப்பினத்தாரிடம் ஏறத்தாழ மும்மடங்கு மிகுதியாக இருந்தது. பயிற்சி முடித்துச் சான்றிதழும் பெற்ற செவிலியர், கனிவோடு அக்கருவியை மாட்டி, பொய்யான எண்ணை உண்மையென்று எழுதுகிறார். இங்கே திருந்த வேண்டியது செவிலியரின் உள்ளமா, கருவியா?

கலிபோர்னியாவின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. அம்மாநிலத்தில் மகப்பேற்று மருத்துவரும் செவிலியரும் மருத்துவமனைகளும் கூடி, பேற்றின்போது குருதிப்போக்கைக் கண்ணால் மதிப்பிடுவதை விடுத்து அளந்தறியவும், அவசர மருந்துகளை ஒரே வண்டியில் ஆயத்தமாக வைக்கவும், ஒத்திகை பார்க்கவும் நெறிமுறை வகுத்தனர். 2006-க்கும் 2013-க்கும் இடையே அங்கே தாய் இறப்பு பாதியாகக் குறைந்தது. நெறிமுறையைக் கைக்கொண்ட மருத்துவமனைகளில் இனங்களுக்கிடையே இருந்த இடைவெளியும் சுருங்கியது. அளவுகோலுக்கு முகம் பார்க்கத் தெரியாது. 2020-இல் நடைமுறைக்கு வந்த பயிற்சிச் சட்டத்தின் கதையோ வேறு. அரசு விசாரிக்கத் தொடங்கிய பின்னரே பல மருத்துவமனைகள் அதன் பக்கம் திரும்பின என்பதை அரசுத் தலைமை வழக்கறிஞரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை அம்பலப்படுத்தியது. சட்டத்துக்குப் பல் முளைக்க 2024-இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று.

"விழிப்புணர்வே முதற்படி, அதையும் ஏன் இடிக்கிறீர்?" என்று கேட்போர் உளர். முதற்படி என்றால் இரண்டாம் படி எங்கே? ஆண்டுதோறும் முதற்படியிலேயே ஏறி இறங்குபவரை மாடிக்குச் செல்பவர் என்று யாரும் சொல்வதில்லை. அதைவிட அஞ்சத்தக்கது வேறொன்று உண்டு. சான்றிதழ் மனச்சான்றை உறங்க வைக்கிறது. 'நான் பயிற்சி பெற்றவன்' என்னும் நினைவே அடுத்த நோயாளியின் முறையீட்டுக்குச் செவியை அடைத்துவிடக்கூடும். குறைந்த செவிலியரைக் கொண்டு இரவுப் பணியை ஓட்டும் நிர்வாகம், மொழிபெயர்ப்பாளரை அமர்த்த மறுக்கும் நிர்வாகம், ஏழைப் பகுதியின் பேறுகாலப் பிரிவை மூடும் நிர்வாகம் இவை யாவும், "எம் ஊழியர் அனைவரும் பயிற்சி முடித்தனர்" என்ற ஒற்றை வரியால் தம் கைகளைக் கழுவிக்கொள்கின்றன. பாரபட்சத்தைத் தனி மனிதரின் நெஞ்சுக்குள் தேடச் சொல்வதால், அது எழுதப்பட்டுள்ள சூத்திரமும் விதியும் வரவுசெலவும் தப்பித்துக்கொள்கின்றன.

நம் குடும்பங்களிலிருந்து கடல் கடந்த செவிலியரும் மருத்துவரும் அங்கே பலர். இப்பயிற்சிக்கு அவர்களும் உரியவரே. "நாமும் நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்தாமே, நமக்கெதற்கு?" என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றுமானால், அதுவே பயிற்சி தேவை என்பதற்கு முதற்சான்று. ஒதுக்கப்பட்டவர் ஒதுக்கமாட்டார் என்பது வரலாறு அறியாதார் கூற்று. அவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை மனமுவந்து கொடுக்கட்டும். கொடுத்த பின், தம் பிரிவில் எவருக்கு வலிமருந்து தாமதமாகிறது, எந்தத் தாயின் முறையீடு இருமுறை சொல்லப்பட்ட பின்னும் ஏட்டில் ஏறவில்லை என்று எண்ணிப் பார்த்து, அதை நிர்வாகத்தின் முன் உரக்கக் கேட்கட்டும்.

அரசிடம் நாம் கேட்பதும் அதுவே. பயிற்சியை ஒழிக்க வேண்டா. அதனோடு கணக்கையும் கேளுங்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் தாய் இறப்பையும், வலி தணித்த விதத்தையும், காத்திருந்த நேரத்தையும் இனவாரியாக ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கட்டும். உரிமம் அந்தக் கணக்குக்குப் பிணையாகட்டும். நெஞ்சத்தைக் காண இறைவனால் மட்டுமே இயலும். நோயாளியின் படுக்கையருகே நடப்பதைக் காண அரசாலும் இயலும். இயன்றதைச் செய்யாத அரசு, இயலாததைச் செய்வதாகப் பாவனை செய்யலாகாது.