உங்கட ஊரைக் கீறுங்கோ, ஆனா எங்களுக்குப் பிடிச்ச மாதிரி

பிள்ளையளிட்டத் தாளையும் கலர்ப் பென்சிலையும் குடுத்து "உங்கட ஊரைக் கீறுங்கோ" எண்டு கேக்கிறது பெரிய ஆக்கள். கீறித் தந்த பிறகு "இதைச் சுவரில கொழுவ ஏலாது" எண்டு கழட்டுறதும் அதே பெரிய ஆக்கள்தான். நான் சாப்பாட்டுக் கடையில நிக்கிறவன். நல்ல உறைப்பாய்த் தா எண்டு ஓடர் குடுத்துப்போட்டு, உறைக்குது எண்டு கோப்பையைத் திருப்பி அனுப்புற ஆக்களை நெடுகப் பாக்கிறன். அவை திருப்பி அனுப்புறது கறியை. இங்க திருப்பி அனுப்புறது பிள்ளையின்ர ஊரை.

கலிபோர்னியா ஓக்லண்ட் நகரத்தில சிறுவர் கலைக்கெண்டே ஒரு நூதனசாலை. 2011 செப்ரெம்பர் 24ஆம் திகதி காசாப் பிள்ளையளின்ர படங்களை அங்க காட்சிக்கு வைக்கிறதாய் இருந்தது. படங்களைக் கொண்டுவந்தது பேர்க்லியில இயங்கிற மத்திய கிழக்குச் சிறுவர் கூட்டணி எண்ட அமைப்பு. 2008 டிசெம்பர் கடைசியில தொடங்கி 2009 ஜனவரி வரைக்கும் நடந்த சண்டைக்குள்ள இருந்த பிள்ளையள் கீறின படங்கள். வீடு, தெரு, மேல குண்டு போடுற விமானம், கீழ டாங்கி. மாதக்கணக்காய் ஆயத்தம் நடந்தது. திறக்க ரெண்டு கிழமை இருக்கேக்க நூதனசாலை நிர்வாகம் வேண்டாமெண்டிட்டுது. சின்னப் பிள்ளையள் வாற இடத்தில வன்முறைப் படம் சரிவராதாம். அமைப்புக்காரர் விடேல்லை. சொன்ன திகதியிலேயே பக்கத்தில வேற ஒரு இடம் எடுத்துப் படங்களைக் கொழுவிச்சினம்.

நிர்வாகம் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாப்பம். அந்தப் படங்களைக் கீறினதே பள்ளிக்கூடப் பிள்ளையள். கீறுறதுக்கு வயது காணும், பாக்கிறதுக்கு மட்டும் வயது காணாதோ? உண்மையிலேயே சின்னனுகளை நினைச்சுப் பயமெண்டால் தனி அறையில வைக்கலாம். வாசலில ஒரு பலகை வைச்சு, தாய் தேப்பனோட வாங்கோ எண்டு எழுதலாம். இதெல்லாம் செய்ய ஒரு நாள் போதும். அதோட, இதே நூதனசாலை 2007இல ஈராக் பிள்ளையளின்ர யுத்தப் படங்களைக் காட்சிக்கு வைச்சதெண்டு அமைப்புக்காரர் அப்பவே சுட்டிக்காட்டிச்சினம்.

இப்ப லண்டனுக்கு வருவம். அங்க ஒரு ஆசுப்பத்திரி, செல்சி அன்ட் வெஸ்ட்மின்ஸ்ரர். காசாவில ஐ.நா. நடத்தின பள்ளிக்கூடப் பிள்ளையள் கோப்பையளில கீறின படங்கள் அங்க சுவரில இருந்தது. ஒலிவ் கொப்பு, மீன்பிடி வள்ளம், எருசலேமின்ர பொன் கூரைப் பள்ளி, ஒரு கொடி. குண்டும் இல்லை, ரத்தமும் இல்லை. இஸ்ரேலுக்கு ஆதரவான ஒரு சட்டத்தரணியள் அமைப்பு முறைப்பாடு குடுக்க, 2023 தொடக்கத்தில கழட்டியாச்சு. வன்முறைதான் பிரச்சினையெண்டால் வள்ளத்தையும் ஒலிவ் கொப்பையும் ஏன் கழட்டினவை? நான் விளங்கிக்கொண்டது இதுதான்: அவைக்குப் பிரச்சினை என்ன கீறியிருக்கு எண்டதில்லை, எந்த ஊர் எண்டதுதான்.

அடுத்து ஒரு ஞாயம் சொல்லுவினம். பெரிய ஆக்கள் சொல்லிக் குடுத்துத்தான் பிள்ளையள் இப்பிடிக் கீறுதுகளாம். சரி, சொல்லிக் குடுக்கிறது நடக்கிறதுதான். யாழ்ப்பாணத்துப் பிள்ளையைக் காட்சி ஒண்டு கீறச் சொல்லிப் பாருங்கோ. ரெண்டு மலை, நடுவில சூரியன், கீழ வளைஞ்சு ஓடுற ஆறு. யாழ்ப்பாணத்தில எங்கயப்பா மலை? மழைக்கு மட்டும் ஓடுற வழுக்கையாத்தை விட்டால் ஆறு எங்க? இதைச் சொல்லிக் குடுத்தது ஆரெண்டு ஒருத்தரும் விசாரணை வைக்கேல்லை. காணாத மலையைக் கீறினால் கெட்டிக்காரப் பிள்ளை. கண்ட பொம்பரைக் கீறினால் பெரிய ஆக்களின்ர பிரசாரம். நல்ல ஞாயம்.

இந்தப் படங்களுக்கு என்ன பெறுமதி எண்டு கேக்கிற ஆக்களுக்கு ரெண்டு விசயம். நாசிகளின்ர தெரேசின் முகாமில பிறீடில் டிக்கர்-பிராண்டைஸ் எண்ட ஓவியை பிள்ளையளுக்கு ஒளிச்சுப் படம் பழக்கினவ. 1944 ஒக்ரோபரில அவுஷ்விற்சில அவவைக் கொண்டாங்கள். கிட்டத்தட்ட 4,500 படங்கள் ரெண்டு சூட்கேசில தப்பிச்சுது. இண்டைக்கு அதுகள் பிராக் யூத நூதனசாலையில இருக்கு. கீறின பிள்ளையள் கனபேர் உயிரோட இல்லை. மற்றது, 2007இல டார்பூர் அகதிப் பிள்ளையள் சாட் நாட்டு முகாமுகளில இருந்து கீறின 500 படங்களைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பின்னணிச் சான்றாய் ஏற்றுக்கொண்டது. நீதிமன்றத்துக்கு உதவுற படம் ஒரு நூதனசாலைச் சுவருக்கு உதவாதோ?

எங்கட பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். 1995 செப்ரெம்பர் 22 நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில குண்டு போட்டாங்கள். அடுத்த மாதக் கடைசியில வலிகாமமே எழும்பி நடந்தது. அப்ப எனக்குப் பதின்மூண்டு வயது. என்ர வகுப்பில எல்லாற்ற கொப்பியிலையும் கடைசிப் பக்கத்தில பொம்பரும் பங்கரும் இருந்தது. அந்தக் கொப்பியள் இண்டைக்கு எங்க? சூட்கேசில வைச்சுக் காப்பாத்த ஒருத்தரும் இருக்கேல்லை. எங்கட பிள்ளையளின்ர சாட்சி கறையானோட போச்சுது.

இப்ப இங்க என்ன செய்யிறம்? "எங்கள் ஊர்" எண்டு சித்திரப் போட்டி வைக்கிறம். ரொறன்ரோவில பிறந்த பிள்ளை கலண்டரைப் பாத்துப் பனைமரமும் கிணறும் கீறினால் முதல் பரிசு. தான் இருக்கிற பதினெட்டு மாடிக் கட்டடத்தையும், ஸ்னோவுக்குள்ள பஸ்ஸுக்கு நிக்கிற தாயையும் கீறின பிள்ளைக்கு ஆறுதல் பரிசும் இல்லை. ஓக்லண்ட்காரரை ஏசுற வாயால இதையும் ஏசவேணும். அந்தப் பிள்ளைக்கு ஊர் அதுதான்.

நான் கேக்கிறது பெரிய விசயமில்லை. ஊரைக் கீறு எண்டு கேட்டால் வாறதைக் கொழுவுங்கோ. கீழ வயதையும் ஊரையும் வருசத்தையும் எழுதுங்கோ. பாக்க ஏலாத ஆக்கள் பாக்காமல் போகட்டும். அதுவும் ஏலாதெண்டால், பிள்ளையளிட்ட ஊரைக் கேக்காதேங்கோ. பூச்சாடியைக் கீறச் சொல்லுங்கோ.